மழைக்கு நடுவே ஒரு குருளையர் வருடம்

குமரி மாவட்டத்தில் குருளையர் அணி, அதாவது சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் அணி, நடத்துகிறவர் காலண்டரைப் பார்க்கும்முன் வானத்தைப் பார்க்க வேண்டும். இங்கே ஜூனிலும் கொட்டும், அக்டோபரிலும் கொட்டும்.

ஜூனில் வராந்தாவில் முடிச்சுப் பயிற்சி. தும்புக் கயிறு (தேங்காய் நார்க் கயிறு) வேண்டாம், பிஞ்சுக் கை உரிந்துவிடும். ஆளுக்கு 2 மீட்டர் பருத்திக் கயிறு போதும். இரண்டு கயிற்று முனைகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சுக்கு வலது முனையை இடதின்மேல், அப்புறம் இடதை வலதின்மேல். மறுபடி வலதையே மேலே போட்டால் நழுவும். நழுவட்டும், அப்போதுதான் மனசில் நிற்கும்.

நவம்பர் 7 சாரணர் கொடி நாள், அரைமணி நேரம் போதும்.

மலையேற்றத்தை ஜனவரிக்குத் தள்ளுங்கள். ஒருமுறை அக்டோபரில் சிதறால் மலைக்குக் கூட்டிப்போனேன்; பாதி வழியில் மழை, கட்டுச்சோறெல்லாம் கஞ்சி. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், அங்கே இருவர் இருவராகக் கைகோர்த்தே நடத்துங்கள்.

பிப்ரவரி 22 சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிறந்தநாள். பெற்றோரை அழையுங்கள், முந்திரிக்கொத்துப் பலகாரம் தானாக வந்துசேரும்.