கச்சான் காலத்தில் கடற்கரை நாடகக்குழு தொடங்க

நாடகம் போடும் ஆசையோடு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "ரீச்சர், எந்தப் பிரதி எடுக்கலாம்?" என்றுதான். பிரதி பிறகு. முதலில் ஒரு கைலேஞ்சியை எடுத்துக்கொண்டு பின்னேரம் கடற்கரைக்குப் போங்கள். அதைத் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்.

இது நான் பட்டுப் படித்தது. கிழக்குக் கரையில், திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் எங்கள் முதல் நாடகத்துக்குக் கடலையே பின்திரையாக வைத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வைகாசி தொடங்கி ஆவணி வரை திருகோணமலையில் அடிப்பது கச்சான். தரைப் பக்கமிருந்து கடலுக்குப் போகிற காற்று. பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்; வசனமெல்லாம் கடலுக்குப் போயிற்று. மூன்றாவது பாயில் இருந்தவர்களுக்கு வாய் அசைவது மட்டுமே தெரிந்தது. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் எழும்பி வந்தார். "பிள்ளை, காத்துக்கு எதிரா நிண்டு கூப்பிட்டா ஆருக்குக் கேக்கும்? சனத்தைத் திருப்பு."

நாடகத்தை நிறுத்தினோம். நடிகர்கள் அவருடைய வாடிக்கு, அதாவது கரையிலிருக்கும் மீன்பிடிக் கொட்டிலுக்கு, முன்னால் போய் நின்றார்கள். சனம் பாய்களைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி இருந்தது. அடுத்த வசனம் கடைசிப் பாய் வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் குழு எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால், பாய் திரும்பிய அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

பல வருடம் கழித்து, அமெரிக்காவின் புறொவின்ஸ்ரவுணைப் பற்றி வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அதுவும் மீன்பிடி ஊர். 1915 யூலையில், கோடையைக் கழிக்க வந்த எழுத்தாளர்கள் ஒரு வீட்டு விறாந்தையில் நாடகம் போட்டார்கள். சனம் அறைக்குள் இருந்து பார்த்தது. இரண்டாவது நாடகத்துக்குச் சனம் விறாந்தைக்குப் போக, அறை மேடையாயிற்று. பிறகு இறங்குதுறையில் இருந்த ஒரு மீன் கொட்டிலுக்கு மாறினார்கள். 1916இல், பின்னாளில் பெரிய நாடகாசிரியரான யூஜின் ஓநீலின் நாடகம் முதன்முதலாக மேடையேறியது அந்தக் கொட்டிலில்தான். ஆகவே மண்டபம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். வாடிக்காரரிடம் போய்க் கேளுங்கள். வலை இழுக்கும் நேரத்தையும் வள்ளம் ஏற்றும் வழியையும் அவரிடமே கேட்டு, அதற்குக் குறுக்கே நிற்காமல் இடம் பிடியுங்கள்.

கூத்துப் பழகியவர்கள், சனம் சுற்றிவர இருந்து பார்க்கிற வட்டக்களரி கேட்பார்கள். எனக்கும் அதில்தான் விருப்பம். ஆனால் கச்சானில், காற்று வரும் பக்கம் இருப்பவர்களுக்கு மத்தளம் கேட்கும், பாட்டுக் கேட்காது. அரைவட்டம் போதும்.

அடுத்தது நாள். பறுவத்தன்று, அதாவது முழுநிலவு நாளில் வையுங்கள், போயா விடுமுறை என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். சனம் மேற்கே பார்த்து இருப்பதால், கடலிலிருந்து எழும்புகிற நிலவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஏறி, நேராக நடிகர் முகத்தில் விழும். இதைவிட நல்ல விளக்கை வாடகைக்கு எடுக்க முடியாது. ஏழரைக்குத் தொடங்குங்கள். அதற்கு முன்பென்றால், மேற்கில் மிச்சமிருக்கும் வெளிச்சம் சனத்தின் கண்ணில் அடிக்கும், நிலவும் தாழ்வாகவே நிற்கும். பறுவத்துக்கு முதல்நாள் என்றாலும் பரவாயில்லை. இரண்டு நாள் பிந்தினால் நிலவுக்காகப் பிள்ளைகள் இருட்டில் காத்து நிற்க வேண்டிவரும். முகில் மூடினால் சமாளிக்க நாலு லாந்தர் வைத்துக்கொள்ளுங்கள். சிரட்டை விளக்கு ஒரு ஊதலுக்கும் நிற்காது.

உடுப்பில் சிவப்பு வேண்டாம். நிலவில் சிவப்பு கறுத்துப்போகும். எங்கள் இராவணனின் சிவப்புப் பட்டு, இரவில் கரிச்சாக்குப் போல் இருந்தது. வெள்ளை, இளமஞ்சள், சரிகைக் கரை இவைதான் எடுபடும்.

கதைக்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை எடுங்கள். இராவணன் தாய்க்குக் கிரியை செய்யக் கன்னியாவில் ஏழு கிணறு தோண்டிய கதையை நாங்கள் எடுத்தோம். அடுத்து என்ன வருமென்று சனத்துக்குத் தெரியும். காற்று ஒரு வசனத்தைக் கொண்டுபோனாலும் கதை அறுபடாது. நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். மணலில் இருக்கிற வயதானவர்களின் முழங்காலையும் நினைக்க வேண்டும்.

ஏழு பேர் கிடைத்தால் போதும். பெண்பிள்ளைகள் வேண்டுமென்றால், பிள்ளையைக் கேட்க முன் தாயைக் கேளுங்கள். ஒத்திகையை ஆறு மணிக்கு முடித்து, வீட்டுப் படலை வரை கொண்டுபோய் விடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அந்த வருடம் சோதனை எழுதுகிற பிள்ளையை, அது எவ்வளவு கெஞ்சினாலும், சேர்க்காதீர்கள்.

பிரதிக்கு அனுமதி, கடற்கரைக்குப் பிரதேச சபையின் சம்மதம், ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி: இவற்றுக்கு இரண்டு மாதம் முன்னரே அலையத் தொடங்குங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் செய்யலாம் என்பதுதான் என் எண்ணம். காற்று உங்கள் பக்கம் நிற்கிறதே.

முதல் வருடம் நுழைவுச்சீட்டு அடிக்காதீர்கள். வாசலில் ஒரு பனையோலைப் பெட்டியும், பக்கத்தில் சுடச்சுடத் தேத்தண்ணியும் வையுங்கள்.

எல்லாம் முடிந்து எவ்வளவு களைத்திருந்தாலும், அன்றிரவே ரோச் அடித்து மணலைத் தேடுங்கள். ஊசி, ஆணி, உடைந்த லாந்தர்ச் சிமினி ஒன்றும் கிடக்கக் கூடாது. விடியப்புறம் கரைவலை இழுக்க வருகிறவர்கள் அந்த மணலில் வெறுங்காலோடுதான் நிற்பார்கள்.