ஃபோர்ட் கொச்சி – வைப்பின் ஜங்காரில் காரை ஏற்றிச் செல்லும் முறை

ஃபோர்ட் கொச்சியிலிருந்து எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவுக்குக் காரில் செல்வோர் தோப்பும்படி, எறணாகுளம், கோசிறீ பாலங்கள் என நகரத்தைச் சுற்றியும் போகலாம். காயல் கடலோடு கலக்கும் அழிமுகத்தை, வாகனங்கள் நேரே ஏறி இறங்கும் ரோ-ரோ படகில் சில நிமிடங்களில் கடந்தும் போகலாம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான சேதுசாகர் படகுகள் 2018 முதல் இங்கே ஓடுகின்றன என்றாலும், ஊரார் வாயில் இது இன்னும் பழைய ‘ஜங்கார்’தான்.

கடப்பதைவிடக் காத்திருப்பதற்கே நேரம் அதிகம் பிடிக்கும். ஆகவே காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வருவோரின் நெரிசலையும் ஞாயிறு மாலையையும் தவிர்ப்பது நல்லது. இரண்டு படகுகளில் ஒன்று மட்டுமே ஓடுகிறதென்றால், வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டுச் சாலை வழியே போவதா என்று அங்கேயே முடிவெடுத்துவிடுங்கள். வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டபின் வண்டியைத் திருப்புவது எளிதன்று. பயணச்சீட்டுக்குச் சில்லறை வைத்திருங்கள்.

உண்மையில் கவனம் வேண்டியது ஏறுபலகையில்தான். கடல் ஓதம் வற்றி நீர்மட்டம் இறங்கிய வேளையில் படகு தாழ்ந்து நிற்பதால், கரைச்சரிவும் பலகையும் சேருமிடத்தில் ஒரு மடிப்பு விழும்; தாழ்வான கார்களின் முன்பம்பர் உரசுவது அங்கேதான். பலகை கரையில் முழுதாகப் படிந்து, ஊழியர் கைகாட்டிய பிறகே, முதல் கியரில், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, நடுவில் நிற்காமல் மெல்ல ஏறுங்கள். ஈரமான இரும்புத் தளத்தில் திடீரென பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். எடை இருபுறமும் சமமாக இருக்கவேண்டும் என்பதால், ஊழியர் காட்டும் இடம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, எஞ்சினையும் விளக்குகளையும் அணைத்து, பக்கக் கண்ணாடிகளை மடக்கி, ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். துறைமுகத்துக்குக் கப்பல் நுழைந்தால் படகு வழிவிட்டுக் காத்திருக்கும். மழைக்காலத்தில் காயல் வெள்ளம் ஆகாயத்தாமரைக் கூட்டங்களை அள்ளிக்கொண்டு கடலை நோக்கி விரையும்போது, படகு வைப்பினை நேராகப் பாராமல் மூக்கைக் கிழக்கே சாய்த்து நண்டுபோல் பக்கவாட்டில் நகரும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நீரோட்டத்தை ஈடுகட்ட ஓட்டுநர் செய்யும் கணக்கு அது.

மறுகரையில் பலகை இறங்கும் முன்பே இருசக்கர வாகனங்கள் உறுமத் தொடங்கிவிடும். அவையும் நடந்து செல்வோரும் இறங்கி முடியும்வரை பொறுத்திருந்து, ஊழியர் சைகை கிடைத்தபின் எஞ்சினை இயக்குங்கள்.