திருகோணமலைச் சுவாமி மலையைப் பார்க்கச் செல்வோருக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை நகரை ஒட்டி, இரு குடாக்களைப் பிரித்தபடி கடலுக்குள் நீண்டு, முனையில் செங்குத்தாக அறுந்து நிற்கும் குன்றைச் சுவாமி மலை என்கிறோம். கோணேசர் கோவில் அதன் உச்சியில் இருக்கிறது. வாகனத்தில் வந்து, சுவாமியைக் கும்பிட்டு, விளிம்பில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுபவர்களே அதிகம். அவர்கள் பாறையின் மேல் நின்றார்களே தவிர, பாறையைப் பார்க்கவில்லை. மேலிருந்து ஒரு முறை, கரையிலிருந்து ஒரு முறை, கடலிலிருந்து ஒரு முறை என மூன்று விதமாகப் பார்த்தால்தான் அதன் உருவம் மனதில் நிற்கும். அதற்கு இரண்டு நாள்கள் ஒதுக்க வேண்டும்.

பயணத்திற்கு ஏற்ற காலம் சித்திரை முதல் புரட்டாசி வரை. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும். கோவிலுக்குப் போகத் தடையில்லை, ஆனால் படகுப் பயணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அனலாக வீசும் கச்சான் காற்றை வெளியூரார் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த நாள்களில் வெளிவேலைகளை முற்பகலுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவு வண்டியில் ஏறினால் காலையில் திருகோணமலையில் இறங்கலாம்.

முதல் நாள் விடியலில், மலைக்கு ஏறும் வழியில் உள்ள பிரெட்றிக் கோட்டையின் வாயிலிலிருந்து நடந்தே செல்லுங்கள். முச்சக்கர வண்டியில் போனால் வாயிலின் கல்நிலையைக் கவனிக்காமல் கடந்துவிடுவீர்கள். அதில் இரட்டைக் கயல் சின்னமும் பழைய தமிழ்க் கல்வெட்டொன்றின் துண்டும் இருக்கின்றன. 1620களில் போர்த்துக்கேயர் மலையில் இருந்த பெருங்கோவிலை இடித்து, அதன் கற்களையே எடுத்து இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்ற வரலாற்றை அறிந்துகொண்டு அந்தக் கல்லின் முன் நின்றால், மேலே ஏறும் நடையே வேறாகிவிடும். கோட்டை பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, 1803இல் இப்போதைய பெயரைப் பெற்றது. உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் முகாம் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள். வழியில் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் அருகே வரும்; அவை பொலித்தீன் பைகளையும் மென்று விழுங்கிவிடுவதால், தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடப்பதையும் வழியில் வீசுவதையும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும்.

மேலே செருப்பைக் கழற்றிவிட்டே போக வேண்டும். வெயில் ஏறினால் கல் காலைச் சுட்டுவிடும் என்பதும் விடியலில் வரச் சொல்வதற்கு ஒரு காரணம். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். சம்பந்தர் தேவாரம் பெற்ற இத்தலத்தில் இப்போதுள்ள கோவிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1956இல், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கிப் பார்த்தபோது இடிந்த கோவிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் நீருக்கடியில் கிடந்தன. தரிசனம் முடிந்ததும் விளிம்பின் பக்கம் வாருங்கள். அங்குள்ள மரத்தில் பிள்ளை வரம் வேண்டியவர்கள் கட்டிய சிறு மரத் தொட்டில்கள், நிறம் வெளுத்த துணிகளோடு நெருக்கமாகத் தொங்கி, கடற்காற்றில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். அவிழ்ப்பதோ தொட்டுப் பார்ப்பதோ கூடாது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வேண்டுதல். கீழே தெளிந்த நீரில் ஆமைகள் மூச்செடுக்க மேலே வருவதைக் காண, அசையாமல் பத்து நிமிடம் நின்றால் போதும். தடுப்பைத் தாண்டி மட்டும் யாரும் போக வேண்டாம்.

அன்று மாலை, மலைக்குத் தெற்கே உள்ள டச்சு குடாக் கரையில் உட்கார்ந்து அதே மலையைப் பாருங்கள். கோட்டை மதில் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்பது அங்கிருந்துதான் விளங்கும். நேரம் மிஞ்சினால் நகரின் பத்திரகாளி அம்மன் கோவிலின் சிற்பங்களையும், உப்புவெளியில் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம்.

கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். சிறு சதுரக் கிணறுகள் ஏழு. சூடு ஒவ்வொன்றிலும் சற்றே வேறுபடும். உள்ளே இறங்க முடியாது, வாளியால் அள்ளித்தான் குளிக்க வேண்டும் என்பதால் மாற்றுடையும் துவாயும் கொண்டுபோங்கள். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்ற நம்பிக்கையால், இறந்தவருக்கான கிரியைகளுக்காகவும் இங்கு குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் முன்னால் கூச்சலிட்டுக் குளிப்பது முறையாகாது.

இரண்டாம் நாளைக் கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் இருக்கும் புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, படகுக்கூலி தனி. இரண்டையும் ஏறும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கரையில் உடைந்த பவளத் துண்டுகள் காலைக் கிழிக்குமாதலால் இறுகப் பிடிக்கும் செருப்பு தேவை. நீருக்குள் உயிருள்ள பவளத்தின் மேல் ஒருபோதும் கால் ஊன்றாதீர்கள்.

திமிங்கிலமும் ஓங்கிலும் (டொல்பின்) பார்க்க அதிகாலையில் புறப்படும் படகுகள் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கிடைக்கும். துறைமுகத்திற்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகே வருவதால் நீலத் திமிங்கிலங்களைக் காண இங்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. திரும்பும்போது சுவாமி மலையின் அடிவாரத்தைச் சுற்றி வர முடியுமா என்று படகோட்டியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மேலே நிற்கும்போது பாதிதான் தெரியும் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு, வாளால் பிளந்ததுபோல் நீர்மட்டம் வரை இறங்குவது கடலிலிருந்து முழுமையாகத் தெரியும். பாறையில் மோதித் திரும்பும் அலை படகைப் பக்கவாட்டில் தூக்கும். ஆகவே உயிர்காப்பு அங்கியின் பட்டிகளை அதற்கு முன்பே இறுக்கிக் கட்டிக்கொண்டு, எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே பாருங்கள்.