ஸ்கில்டு வொர்க்கர் விசா: தேதியில் மாட்டிய சிக்கல்

பிரிட்டனில் முதுகலை முடியும் முன்பே எனக்கு வேலை கிடைத்தது; ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவுக்காக நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றும் வந்தது. ஆனால் இப்படியே விண்ணப்பித்தால் நிராகரிப்புதான் என்றார் வழக்கறிஞர். நிறுவனத்தார் சம்பளத்தையும், வேலை வகையைக் காட்டும் தொழில் குறியீட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்; இரண்டும் சரி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டதாகக் கல்லூரியில் கடிதம் வாங்கினேன், பயனில்லை.

சிக்கல் வேலை தொடங்கும் தேதியில். மாணவர் விசாவிலிருந்து இந்த விசாவுக்கு மாறுவோருக்கு 2023 ஜூலை 17 முதல், அந்தத் தேதி படிப்பு முடியும் நாளுக்கு முன்னால் இருக்கக்கூடாது. (முனைவர் பட்டத்துக்கு 24 மாதம் படித்திருந்தால் போதும்.) மாணவர் விசா படிப்பு முடிந்தும் சில மாதம் நீளும் என்பதால், பலர் விசா தேதியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது, படிப்புக்காகப் பல்கலைக்கழகம் தந்த சேர்க்கைச் சான்றில் உள்ள முடிவுத் தேதி.

புது ஸ்பான்சர்ஷிப் சான்று தேவைப்படவில்லை. நிறுவனத்தார் தங்கள் ஸ்பான்சர் கணக்கில் அதே சான்றுக்கு ஒரு குறிப்பு சேர்த்து, தொடக்கத் தேதியைத் தள்ளிவைத்தார்கள். சான்றின் 3 மாதக் கெடு முடியும் முன் விண்ணப்பித்தேன். விசா வந்துவிட்டது, அப்பாடா!