போதைப் பழக்கம்: அறிகுறியைத் தவறான இடத்தில் தேடுகிறோம்

வீட்டில் ஒருவருக்குப் போதைப் பழக்கம் இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டால், பெரும்பாலோர் தடயம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பையைத் துழாவுகிறார்கள், சட்டையை முகர்ந்து பார்க்கிறார்கள், கண் சிவந்திருக்கிறதா என்று கவனிக்கிறார்கள். தன்மீதே சந்தேகம் வந்தவரோ கணக்குப் போடுகிறார். தன்னைவிட அதிகம் குடிக்கும் நண்பர் ஒருவர் எப்போதும் கிடைப்பார். அவரோடு ஒப்பிட்டு நிம்மதியடைந்து அன்றும் ஒரு கோப்பையை எடுத்துக்கொள்கிறார்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், போதைப் பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அடையாளங்கள் தரப்பட்டிருக்கின்றன. இத்தனை மில்லி, இத்தனை மாத்திரை என்று ஓர் எண்கூட அவற்றில் கிடையாது. நினைத்ததைவிட அதிகமாக அல்லது அதிக நாள் பயன்படுத்துவது, குறைக்க முயன்று முடியாமல் போவது, அதைப் பெறவும் பயன்படுத்தவும் தெளியவும் நாளின் பெரும்பகுதி கழிவது, தீராத ஏக்கம், வேலையோ படிப்போ குடும்பப் பொறுப்போ தவறுவது, உறவில் சண்டை வந்தும் தொடர்வது, பிடித்த மற்ற காரியங்களைக் கைவிடுவது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்தான நேரங்களிலும் பயன்படுத்துவது, உடல் கெடுகிறது என்று தெரிந்தும் விடாதது, பழைய அளவு போதாமல் போவது, நிறுத்தினால் உடல் எதிர்ப்பது. ஓராண்டுக்குள் இவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசான கோளாறு. 4 அல்லது 5 இருந்தால் நடுத்தரம். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையானது. குடித்த அளவைக் கல்லீரல் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பழக்கம் ஒருவரைப் பிடித்துவிட்டதா என்பதை அளவு சொல்லாது.

இந்தப் பட்டியலில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. "எவ்வளவு குடித்தாலும் அவர் நிலை தடுமாற மாட்டார்" என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். மூளையும் கல்லீரலும் அந்தப் பொருளுக்குப் பழகிவிட்டன என்பதன் அறிவிப்பு அது. மூன்று கோப்பைக்குப் பிறகும் நேராக நடப்பவரைப் பார்த்துத்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

தன்னைத் தானே சோதித்துக்கொள்பவர்கள் வழக்கமாகச் செய்வது, சில வாரங்கள் விட்டுக் காட்டுவது. அதில் வென்றுவிட்டால் பிரச்சினை இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். தீவிரமாக அடிமைப்பட்டவர்கள்கூட அவ்வப்போது நிறுத்தத்தான் செய்கிறார்கள். தொடங்கிய பிறகு, நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. இதைவிட நல்ல துப்பு ஒன்று எனக்குத் தெரியும்: நீங்கள் உங்களுக்கே போட்டுக்கொண்ட விதிகள். வார இறுதியில் மட்டும், இருட்டிய பிறகு மட்டும், தனியாக இருக்கும்போது இல்லை. விதி போடுவது கெட்டதல்ல. அந்த விதிகள் எத்தனை முறை திருத்தப்பட்டன, ஒவ்வொரு திருத்தமும் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள்.

மதுவைப் பொறுத்தவரை, மருத்துவர்கள் பல ஆண்டுகளாகவே பயன்படுத்தும் நான்கு கேள்விகள் உள்ளன. குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? உங்கள் குடியைப் பற்றிப் பிறர் பேசியபோது எரிச்சல் வந்ததா? குற்ற உணர்வு வந்ததா? நடுக்கத்தைப் போக்கவோ தலைவலியைத் தணிக்கவோ காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு "ஆம்" என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கேள்விகளை வாசிக்கும்போதே "ஆனால் அது வந்து..." என்று விளக்கம் தொடங்கினால், அதையும் "ஆம்" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்து போதையாகாது என்பது இன்னொரு நம்பிக்கை. பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரைகளும், அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகளும் வெகு எளிதில் ஆளைப் பிடித்துக்கொள்ளும். மாதத்துக்கு வாங்கியது மூன்றாம் வாரத்தில் தீர்வது, சீட்டு தொலைந்துவிட்டது என்று மறுபடி கேட்பது, ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் போவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆனால் இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்னபடி மார்ஃபின் எடுப்பவரின் உடல் அந்த மருந்துக்குப் பழகத்தான் செய்யும். அதை அடிமைத்தனம் என்று பயந்து மாத்திரையை ஒளித்துவைப்பது கொடுமை. மருத்துவர் மேற்பார்வையில் முறைப்படி எடுப்பவருக்கு, அளவு போதாமையும் நிறுத்தினால் வரும் உபாதையும் அந்த 11-இல் சேர்த்தி இல்லை.

கண்ணைப் பார்த்து முடிவு கட்டுவதும் அப்படித்தான். கஞ்சா கண்ணைச் சிவக்க வைக்கும். ஹெராயின் போன்றவை கண்மணியை ஊசிமுனையாகச் சுருக்கும். கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகள் அதை விரிக்கும். ஆனால் ஒவ்வாமையும் தூக்கமின்மையும்கூடக் கண்ணைச் சிவக்க வைக்கும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கினால் வாய் குழறும், நடை தள்ளாடும், வியர்த்துக் கொட்டும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். மனச்சோர்வு வந்த இளைஞர் அறைக்குள் அடைந்து கிடப்பதற்கும் போதைக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். தனி அறிகுறி ஒன்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தூக்க நேரம், பணம், நண்பர் வட்டம், சுத்தம், பொய் எல்லாம் சேர்ந்து சில மாதங்களில் மாறியிருந்தால் அதற்குப் பொருள் உண்டு.

பிள்ளைக்குத் தெரியாமல் சிறுநீரைச் சோதிக்கலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. மது வெகு சீக்கிரம் உடலை விட்டுப் போய்விடும். நெடுநாள் பயன்படுத்தியவரிடம் கஞ்சா வாரக்கணக்கில் தென்படும். புதிய செயற்கைப் போதைப்பொருள்கள் பலவும் சாதாரணச் சோதனையில் சிக்குவதில்லை. சில சாதாரண மருந்துகள் பொய்யான "ஆம்" காட்டும். பிள்ளைக்கு விஷயம் தெரியவரும்போது பேச்சுவார்த்தைக்கான கதவும் அடைபட்டுப்போகும்.

பேச வேண்டும் என்று தீர்மானித்த குடும்பங்கள் நேரத்தைத் தவறவிடுகின்றன. போதையில் இருப்பவரோடு பேசிப் பயனில்லை. மறுநாள் தெளிந்திருக்கும்போது, நான்கு பேர் முன்னிலையில் இல்லாமல், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். "தம்பி, நேற்றுக் குழந்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். உனக்கு வாய் குழறியது. எனக்குப் பயமாக இருந்தது" என்று ஓர் அக்கா சொன்னால் அவன் மறுக்க முடியாது. "நீ குடிகாரன்" என்றால் சண்டை போட அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அலுவலகத்துக்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்வதும், கடனை அடைத்து விடுவதும் பாசத்தால் செய்யப்படுபவை; அவற்றால் விளைவின் சூடு அவரைத் தொடாமலே போகிறது. அடிமட்டத்தைத் தொட்டால்தான் திருந்துவார் என்று காத்திருப்பதும் தவறு. சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். பிறர் வற்புறுத்தலால் வந்தவர்களும் குணமடைகிறார்கள். அவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் தாங்களே ஆலோசனை பெறலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகவே 1951-ல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் பல நாடுகளில் இயங்குகின்றன.

இனி, உயிரைப் பறிக்கக்கூடிய தவறுகள். பழக்கம் தெரியவந்த கோபத்தில் பாட்டிலைப் பிடுங்கி, அறையில் பூட்டி, "இன்றோடு நிறுத்து" என்பது பல வீடுகளில் நடக்கிறது. நெடுநாள் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் கடும் மனக்குழப்பம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரிவது என்று முற்றினால் மரணம்வரை போகும். பென்சோடயசிபைன் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். அவற்றை மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்துவது என்ற முடிவு சரிதான், நிறுத்தும் இடம் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

ஹெராயின் போன்ற அபின் வகைகளில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. நிறுத்தும்போது மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உடல்வலி என்று வதைக்குமே தவிர, அதனால் உயிர் போவது அரிது. ஆனால் சில வாரங்கள் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அப்போது பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் வாரங்கள் அதனால்தான் மிக அபாயமானவை. அந்த நாட்களில், அபின் வகைப் போதையை முறிக்கும் நலாக்சோன் மருந்தை வீட்டில் வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

குறட்டைச் சத்தம் கேட்டு, "தூங்கட்டும், காலையில் பேசிக்கொள்ளலாம்" என்று கதவைச் சாத்திவிடுவது இன்னொரு பெருந்தவறு. உதடு நீலம் பாரித்து, மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்து, தொண்டையில் கடகடவென்ற ஒலியோடு, உலுக்கியும் எழவில்லை என்றால் அது தூக்கமல்ல. உடனே அவசர ஊர்தியை அழைத்து, மூச்சு விடுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நலாக்சோன் இருந்தால் கொடுத்து, உதவி வரும்வரை கூடவே இருங்கள். மூச்சே இல்லையென்றால் தொலைபேசியில் பேசுபவர் சொல்லும் முதலுதவியை உடனே தொடங்குங்கள். ஒப்புக்கொள்ளப் பயந்து எதை எடுத்தார் என்பதை மறைத்தால், தர வேண்டிய மருந்து தாமதமாகும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளிலும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டும். கடைசியாக எப்போது, என்ன, எவ்வளவு எடுத்தார். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினாரா. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் முதலில் மறந்துபோவது வலிப்பு பற்றிய தகவல். மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா, வீட்டிலிருந்தே சிகிச்சை எடுக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய அது அவசியம்.