சமாரியம் அயடைட்டும் ஒளியும்: புதியவர்கள் விழும் குழிகள்

கண்ணாடிப் பாத்திரத்தை உலர்த்துவது, ஆர்கன் வாயுவை ஓடவிடுவது எல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். இங்கே சொல்ல வேண்டியது வேறு. சமாரியம் ஈரயடைட்டு மற்ற மூலக்கூறுகளுக்கு இலத்திரன் கொடுக்கும் பொருள்; ஒளி பட்டால் இன்னும் வலுவாகக் கொடுக்கும். அந்த ஒளியைப் பயன்படுத்தும்போது வரும் தவறுகள் இவை.

கடும் நீலத்துக்குள் ஒளி போகும் என்று நம்புவது

டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பானில் 0.1 மோலார் சமாரியம் ஈரயடைட்டை 100 மில்லிலீற்றர் உருண்டைக் குடுவையில் நிரப்பி, பக்கத்தில் விளக்கை வைத்துவிட்டு "தாக்கம் நடக்கவில்லை" என்று வந்து நிற்பார்கள். எப்படி நடக்கும்? அந்த நீலமே 555, 618 நானோமீற்றர் பக்கத்து ஒளியை விழுங்குவதால் வருவது. அங்கே மோலார் உறிஞ்சல் குணகம் (1 மோலார் கரைசல் 1 சென்ரிமீற்றரில் காட்டும் உறிஞ்சல்) 500க்கு மேல். கணக்குப் போடுங்கள்: 1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே உறிஞ்சல் 5ஐத் தாண்டும் (ஒவ்வொரு 1க்கும் ஒளி பத்தில் ஒன்றாகும்), இலட்சத்தில் ஒரு பங்கு ஒளிகூட அதற்கப்பால் போகாது. கண்ணாடியை ஒட்டிய படலம் மட்டும் வேலை செய்யும், நடுவயிறு முழுக்க இருட்டு.

அடுத்து செய்வதுதான் இன்னும் எரிச்சல்: விளக்கின் வலுவைக் கூட்டுவது. டி.எச்.எஃப். 66 பாகையில் கொதிக்கும். சூட்டில் ஆவி பிய்த்துக்கொண்டு போக, இறப்பர் மூடி தளர, பேராதனையின் மழைக்காலக் காற்று உள்ளே இறங்கும். நீலம் மஞ்சளாகும். உடனே குறிப்பேட்டில் "தாக்கம் முடிந்தது". ஒட்சிசன் கொன்றாலும் அதே மஞ்சள்தானே!

2 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் 0.01 மோலார் கரைசலை ஓடவிடுங்கள். உச்ச உறிஞ்சலில்கூடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான ஒளி மறுபக்கம் தெரியும். குடுவைதான் இருக்கிறதென்றால் சிரிஞ்சு பம்பால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு சொட்டின் நீலம் மங்கியபின் அடுத்ததை விடுங்கள். பின்னால் டோர்ச் அடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். விசிறியும் கட்டாயம். கூடவே, அதே வெப்பநிலையில் அலுமினியத் தாள் சுற்றிய இருட்டுக் குடுவை ஒன்று. அது இல்லாமல் எது ஒளியின் வேலை, எது சூட்டின் வேலை என்று யார் சொல்வது?

போத்தல் லேபலை நம்புவது

0.1 மோலார் என்பது அறைவெப்பநிலையில் கிட்டத்தட்ட நிறைவுற்ற கரைசல். நுவரெலியாக் குளிரில் அடியில் படிவு விழுந்தால் மேலே எடுப்பது 0.1 அல்ல. அயடீனால் நியமியுங்கள், அதாவது உண்மைச் செறிவைக் கண்டுபிடியுங்கள்: சரியான 0.1 மோலார் கரைசல் 1 மில்லிலீற்றரின் நீலத்தை அழிக்க 12.7 மில்லிகிராம் அயடீன் போகும்.

நீருக்குப் பயப்படுவது

வாயு நீக்கிய நீர் எதிரியல்ல. பல தாக்கங்களில் புரோத்தன் தருவதே அதுதான். ஆனால் அளந்து விடுங்கள்.

புற ஊதா விளக்கு

வேண்டாம். அது தாக்கத்துக்குப் போடும் மூலப்பொருளையே நேரடியாக உடைக்கும். செம்மஞ்சள் எல்.ஈ.டி. போதும்.

ஒரு சமவலு போடுவது

ஒரு சமவலு என்றால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுக்கு ஒரு சமாரியம் ஈரயடைட்டு; அது ஓர் இலத்திரன்தான் தரும். ஒரு மூலக்கூறில் உள்ள குளோரினை ஐதரசனால் மாற்ற இரண்டு இலத்திரன் வேண்டும். 1 மில்லிமோல் மூலப்பொருளுக்கு 0.1 மோலார் கரைசல் குறைந்தது 20 மில்லிலீற்றர்.