பகுதி எண் பிழைத்தால் முடிவும் பிழைக்கும்: பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் களப்பயிற்சி செய்யும் பட்டதாரி மாணவர்களின் ஆய்வறிக்கைகளை ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கிறேன். நாங்கள் படித்த காலத்துப் பிழைகள் அப்படியே திரும்ப வருகின்றன. மேற்கோள் ஒழுங்கு, எழுத்துப்பிழை, பிந்திச் சமர்ப்பித்தல் ஆகியவற்றை உங்கள் விரிவுரையாளர்களே திருத்திவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கும் தப்பிப் போகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிழையான பகுதி எண்

வீதம் கணக்கிடும்போது கீழே வைத்து வகுக்கும் எண்தான் பகுதி எண். எத்தனை தடவை சொன்னாலும் இது எனக்கு ஆறுவதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவியின் அறிக்கையில், மட்டக்களப்பை விட அம்பாறையில் டெங்கு வீதம் மிகக் குறைவு என்று முடிவு எழுதப்பட்டிருந்தது. காரணங்களும் இருந்தன: காணிகள் விசாலம், வீடுகள் ஐதாக உள்ளன, குப்பை குறைவு. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் 'அம்பாறை' என்றிருந்த வரியை எடுத்து, அதை அம்பாறை மாவட்டம் முழுவதின் சனத்தொகையால் வகுத்திருந்தார். அதே அட்டவணையில் 'கல்முனை' என்று தனியாக இன்னொரு வரி இருந்தது.

நிருவாகத்துக்கு அம்பாறை ஒரே மாவட்டம். சுகாதார சேவைக்கு அது இரண்டு பிராந்தியம். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கல்முனைப் பிராந்தியத்துக்குள் வருகின்றன. நாட்டில் மாவட்டங்கள் 25 இருக்க, அந்த அட்டவணையில் 26 வரிகள் இருப்பது இதனால்தான்.

2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 650,000. ஒரு கணக்குக்காக, அம்பாறைப் பிராந்தியத்தில் 130 நோயாளர் என்றும் அங்கே வசிப்போர் 260,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வீதம் இலட்சத்துக்கு 50. அதே 130ஐ மாவட்டச் சனத்தொகையால் வகுத்தால் 20. இல்லாத ஒரு வித்தியாசம் அங்கே பிறந்துவிடுகிறது. கணினி எதையும் எச்சரிக்காது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் வகுத்துத் தரும்.

வைத்தியசாலைத் தரவிலும் இதுவே நடக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் விடுதிகளில் இருப்பவர்கள் எல்லோரும் மட்டக்களப்பு மாவட்டத்தவர் அல்லர்; கல்முனைப் பக்கமிருந்தும் வருகிறார்கள். எச்-544 என்ற தொற்றுநோய் அறிவித்தல் படிவம் நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போய் விசாரிப்பதும் இதற்காகத்தான். விடுதிப் பதிவேட்டை எண்ணி, மாவட்டச் சனத்தொகையால் வகுத்து, அதை மாவட்டத்தின் வீதம் என்று எழுத முடியாது.

தொகுதி எண்ணில், அதாவது மேலே வைக்கும் எண்ணில், உள்ள ஒவ்வொருவரும் பகுதி எண்ணுக்குள்ளும் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளில் குருதிச்சோகை எவ்வளவு என்று எழுதும்போது, பதிவு செய்த எல்லோராலும் வகுக்காதீர்கள். ஈமோகுளோபின் பரிசோதிக்கப்பட்டவர்களால் வகுங்கள். பிரிவின் சனத்தொகையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் தருவார்கள். கிராம மட்டத்துக்குக் குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேடு இருக்கிறது.

அந்த மாணவி சரியான சனத்தொகையைக் கொண்டு திரும்பக் கணக்கிட்டபோது வித்தியாசத்தின் பெரும்பகுதி இல்லாமல் போனது. கலந்துரையாடல் அத்தியாயம் முழுவதையும் புதிதாக எழுதினார். படிக்கும்போது இழப்பது ஓர் அத்தியாயம். நாளை வேலைக்குப் போனபின், புகை விசிறும் இயந்திரமும் ஆளணியும் எந்தப் பிரிவுக்கு முதலில் போக வேண்டும் என்று பேசுவது இதே வீதத்தை வைத்துத்தான். அப்போது பிழைத்தால் இழப்பது வேறொரு குடும்பம்.

சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்தல்

கொழும்புத் தரவைப் பார்த்துப் பழகியவர்கள் செய்வது இது. எங்களுக்கு மாரி வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. டெங்கும் அதன் பின்னால் ஏறி, புது வருடத்தைத் தாண்டிப் போகிறது. டிசம்பர் 31இல் வெட்டினால் ஒரே பரவல் இரண்டு ஆண்டுக்குள் பிரிந்து, இரண்டிலும் சிறிதாகத் தெரியும். யூலையிலிருந்து அடுத்த யூன் வரை எடுத்துப் பாருங்கள்.

2017ஐ ஒப்பீட்டு ஆண்டாக வைக்காதீர்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,101 நோயாளர் பதிவானார்கள். அதற்குப் பக்கத்தில் வைத்தால் எந்தத் திட்டமும் வெற்றி பெற்றதாகவே தோன்றும்.

கேட்டதை மட்டும் எழுதுதல்

"தண்ணி தேங்க விடமாட்டோம் மகள்" என்று அம்மா சொல்வார். வினாக்கொத்தில் 'ஆம்' விழும். கிணற்றடித் தொட்டியையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நுளம்புக் குடம்பி உள்ள கொள்கலன்களை எண்ணாமல் பிரட்டோ சுட்டியைக் கணக்கிட வழியில்லை. நூறு வீடுகளுக்கு அப்படிப்பட்ட கொள்கலன் எத்தனை என்பதுதானே அது.

நண்பகலில் மட்டும் போதல்

வயலுக்கும் கடலுக்கும் போனவர்கள் உங்கள் மாதிரிக்குள் வரமாட்டார்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன் தரவு சேகரித்தல்

கூடவே கூடாது.

வினாக்கொத்தை மேசையிலேயே மொழிபெயர்த்தல்

வாகரையில் இரண்டு பேரிடமும் காத்தான்குடியில் இரண்டு பேரிடமும் வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்வியில் அவர்கள் "என்ன கேக்குறீங்க?" என்கிறார்களோ, அதை அவர்கள் சொல்லில் மாற்றி எழுதுங்கள்.

அறிக்கையைப் பல்கலைக்கழகத்தோடு முடித்தல்

யாருடைய பதிவேட்டிலிருந்து எடுத்தீர்களோ, அந்தப் பணிமனைக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த மாரிக்கு முன் கொடுத்தால் அவர்களுக்கு உதவும்.